செல்லப் பிராணி செயலியும் செவலைப் பசுவும்

வெளியூர் போகும்போது வீட்டு நாயையோ பூனையையோ இன்னொருவர் பொறுப்பில் விட்டுச் செல்பவர்களுக்காக மேல்நாடுகளில் செயலிகள் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. 2011-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கிய 'ரோவர்' நிறுவனத்தை, சுமார் 230 கோடி டாலருக்கு விலை பேசி 2024-ல் பிளாக்ஸ்டோன் வாங்கியது. அவ்வளவு பணம் புரளும் தொழில் அது! நாயை உலாவ அழைத்துப் போனவர் திரும்பியதும் உரிமையாளரின் கைப்பேசிக்கு ஓர் அட்டை வரும். எந்தத் தெரு வழியாகப் போனார்கள், நாய் எங்கே சிறுநீர் கழித்தது, கூடவே சில போட்டோக்கள். (மூத்திரத்துக்கெல்லாம் கணக்கா என்று சிரிக்க வேண்டாம். கால்நடை மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.)

இதே போல ஒன்றைத் தமிழில் செய்தால் என்ன என்ற ஆசை, கல்லூரியில் புராஜெக்ட் தேடும் மாணவர்களுக்கு வருவது இயல்புதான். ஆனால் சென்னை அடுக்குமாடி வீட்டை மனதில் வைத்துச் செய்தால், அது ரோவரின் தமிழ் நகலாகத்தான் முடியும். தேனி மாவட்டம் தேவதானப்பட்டி போன்ற ஒரு பேரூராட்சியை வைத்து யோசித்தால்தான் அசல் சிக்கல் தெரியும்.

மாசி சிவராத்திரிக்கு மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலுக்கு வெளியூர்க்காரர்கள் வந்து குவிவார்கள். அதே நாளில் குலதெய்வம் வேறு ஊரில் இருக்கும் குடும்பங்கள் இங்கிருந்து கிளம்பிப் போகும். வீட்டில் ஒரு பசு, ஒரு கன்று, ஒரு நாய். யார் பார்த்துக்கொள்வது? இங்கே 'பிராணிப் பராமரிப்பாளர்' என்று யாரும் கிடையாது. பக்கத்து வீட்டு மதினி இருக்கிறார். "போய்ட்டு வாங்க மதினி, நான் பாத்துக்கிறேன்" என்று அவர் சொன்னதுதான் ஒப்பந்தம். கூலி கிடையாது, அடுத்த மாதம் அவர் வீட்டுக்கு இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த மதினிக்கு ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை போடுவது? அவர் தொழுவத்துக்கு எத்தனை மணிக்குப் போனார் என்று ஜி.பி.எஸ். வைத்துக் காட்டினால் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தையே நின்றுபோகும். மேல்நாட்டுச் செயலிகளில் பெரும்பாலான வசதிகள் உரிமையாளரின் மனக்கவலையைத் தீர்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. மதினிக்குத் தேவையானது வேறு. அவருக்குச் சொல்லாமல் விட்டுப்போன விஷயங்கள்தான் அவருடைய பிரச்சினை.

செவலைக்குப் புது ஆள் பால் கறந்தால் பிடிக்காது. பசு மிரண்டால் பாலை இறக்கும் ஆக்சிடோசின் சுரப்பு தடைப்படும். பால் மடியிலேயே தங்கினால் மடிநோய்க்கு வழியாகும். கன்றை முதலில் ஊட்ட விட வேண்டுமா, எந்தக் காம்பில் புண் இருக்கிறது என்பதெல்லாம் வீட்டுக்காரருக்குத் தெரியும், மதினிக்குத் தெரியாது. இன்னொன்று, விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றைப் பாசமாக மாட்டுக்குக் கொட்டுவது. அளவுக்கு மீறிய சோறு வயிற்றில் புளித்து அமிலமாகி மாட்டைக் கொன்றுவிடும். பூனை வைத்திருப்பவர்களுக்கும் இதே போல ஒன்று உண்டு. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் பூனைக்கு அது விஷம். எல்லாமே அக்கறையால் வரும் கேடுகள்.

இதற்கெல்லாம் வாட்ஸ்அப் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாய்க்கு இரண்டு வேளை சோறு வைக்கும் வேலைக்கு அது தாராளமாகப் போதும், புதுச் செயலி வெறும் வீம்பு. ஆனால் காலையில் அனுப்பிய மருந்து அளவு, மாலைக்குள் நூறு குட்மார்னிங் படங்களுக்குக் கீழே புதைந்துவிடுகிறது. அந்தச் செயலியில் 2013-ல் வந்த குரல் பதிவு மட்டும் பொன்னான வசதி. தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாதவர்களும் "செவலைக்குத் தண்ணி காட்டுனா மூஞ்சியத் திருப்புது மதினி" என்று சொல்லிவிட முடிகிறது. ஆகவே புதுச் செயலியில் மாட்டின் படத்தைத் தொட்டால் வீட்டுக்காரர் குரல் கேட்க வேண்டும். தீவனத்துக்கு ஒரு பதிவு, கறவைக்கு ஒரு பதிவு, மருந்துக்கு ஒன்று. நெட் தீர்ந்துபோன கைப்பேசியிலும் அது ஓட வேண்டும்.

இனி வருவதுதான் முக்கியமானது. ராத்திரி மாடு வயிறு உப்பிப் படுத்துவிடுகிறது. வீட்டுக்காரர் ஏதோ மலைப்பாதையில், சிக்னல் இல்லாத வளைவில் இருக்கிறார். மருத்துவரைக் கூப்பிடலாமா, செலவு யாருடையது, ஊசி போட்டு மாடு செத்துவிட்டால் பழி யார் மேல்? இந்தப் பயத்தில் காத்திருக்கும் இரண்டு மணி நேரம் போதும், மாடு போய்விடும். "இவ்வளவு ரூபாய் வரை என்னைக் கேட்காமலே செலவு பண்ணுங்க, எது நடந்தாலும் உங்களைச் சொல்ல மாட்டேன்" என்பதை வீட்டுக்காரர் தன் குரலில் பதிவு செய்யாமல் செயலி அடுத்த பக்கத்துக்கே போகக் கூடாது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் எண்ணும், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் 1962 எண்ணும் அதே பக்கத்தில் பெரிதாக இருக்கட்டும். காதுவில்லையின் 12 இலக்க எண்ணும் வேண்டும். காப்பீடு செய்த மாட்டுக்கு வில்லை இல்லையென்றால் இழப்பீடும் இல்லை என்பது பலருக்கு மாடு செத்த பிறகே தெரிகிறது.

அடுத்தது நாய். கம்பம் பள்ளத்தாக்கின் கோம்பை ஊரின் பெயரிலேயே ஒரு நாய் இனம் உண்டு. காவலுக்குப் பெயர் போனது, வேற்று ஆளை லேசில் அண்ட விடாது. இப்படிப்பட்ட நாயை ஒரு மெசேஜில் கைமாற்ற முடியாது. வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க, புது ஆள் இரண்டு மூன்று நாள் சோறு வைத்துப் பழக வேண்டும். அது நடந்ததா என்று செயலி கேட்க வேண்டும், நடக்கவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லலாம்! நாயின் வெறிநோய்த் தடுப்பூசி அட்டைப் படமும் பார்த்துக்கொள்பவரின் கைப்பேசியில் இருந்தாக வேண்டும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தோலில் போடும் ஊசி அங்கே இலவசம். அறிகுறி தெரிந்த பின் வெறிநோயிலிருந்து பிழைப்பது ஏறக்குறைய இல்லை. நாயைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தவருக்கு இந்தத் தகவலைத் தராமல் ஊருக்குக் கிளம்புவது பெரிய அநியாயம்.

மதினியிடம் இருப்பது பட்டன் போன் என்றால்? அப்போது செயலி எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுக்கட்டும். தொழுவத்தில் மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் அதைத் தொங்கவிட்டுக்கொள்ளலாம்.