கோப்பு அனுப்புவோர்க்குக் கட்டளை அதிகாரம் எதற்கு?

கோலார் தங்கவயலைச் சேர்ந்த சாம்பியன் ரீப்ஸ், பொன்னால் மட்டும் பெயர் பெற்ற ஊரன்று. அவ்வூர்ச் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றின் விஞ்ஞானிகளும் கூடி, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் தடத்தை 1965ஆம் ஆண்டில் கண்டனர். பாறை வெடிப்பு என்னும் பேராபத்தை அறிவதற்காக, பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் ஒத்துழைப்போடு 1978இல் நில அதிர்வுமானிகளின் வலையமைப்பு ஒன்றும் தங்கவயலில் நிறுவப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 1988இல், தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் இங்கேயே தோன்றியது. பொன் எடுப்பது 2001ஆம் ஆண்டில் நின்றுபோயினும், பாறையின் அசைவை அளந்து எழுதி வைக்கும் கலைக்கு இவ்வூர் ஒரு பள்ளியாக விளங்கியது என்பதில் ஐயமில்லை.

இவ்வகை ஆராய்ச்சிக்கெல்லாம் ஒரு பொதுத் தன்மை உண்டு. அளக்கும் கருவி ஓரிடத்தில் இருக்கும். அளவை ஆராய்பவர் வேறோரிடத்தில் இருப்பார். இடையே பதிவு பழுதின்றிப் பயணம் செய்யவேண்டும். முன்னாளில் காகிதச் சுருளாகவும் படச்சுருளாகவும் சென்றவை, இந்நாளில் கோப்புகளாகக் கம்பி வழியாகவும் வானொலி அலை வழியாகவும் சென்று, தலைமை அலுவலகத்துச் சேவையகக் கணினியை அடைகின்றன. அணைக்கட்டுகளிலும் சுரங்கங்களிலும் வானிலைத் தளங்களிலும் பணிபுரியும் களப்பணியாளர் ஒவ்வொருவருக்கும் அச்சேவையகத்தில் ஒரு பயனர் கணக்கு திறந்து கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அக்கணக்கின் அதிகாரம் எதுவரை செல்லலாம் என்பதே இங்கு ஆராயத்தக்க கேள்வி.

சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஆழ்சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கக் கூண்டு உண்டு. தாதுக்கல்லை மேலேற்ற ஸ்கிப் என்னும் தொட்டி உண்டு. கல் ஏறும் தொட்டியில் ஆள் ஏறுவது முறையன்று. கல்லை அனுப்பும் வேலையும், ஆள் உள்ளே புகுந்து நடமாடும் வேலையும் வேறு வேறு என்பதைச் சுரங்கம் கட்டியவர் உணர்ந்திருந்தனர். சேவையகம் கட்டுவோரில் பலர் இன்னும் உணரவில்லை. பதிவுக் கோப்பை வைத்துவிட்டுப் போகவேண்டிய ஒருவருக்கு, ஷெல் எனப்படும் கட்டளை முகப்பையும் திறந்துவிடுகின்றனர். அதன் வழியே நுழைபவர் நிரலை இயக்கலாம். பிறருடைய கோப்புகள் எங்கெங்கு உள்ளன என்று தேடலாம். அங்கிருந்து அலுவலகத்தின் மற்றக் கணினிகளை எட்டவும் முயலலாம். களப்பணியாளர் அவ்வாறு செய்வார் என்பதன்று பேச்சு. அவருடைய மடிக்கணினி தொலைந்தாலும், கடவுச்சொல் பிறர் கையில் சிக்கினாலும், அவர் பெயரால் வேறொருவர் செய்வார் என்பதே அச்சம்.

கோப்பு அனுப்பும் முறைக்கு வகுத்த முதல் நெறியேடு ஓர் இந்தியருடையது என்பதை ஆசிரியர்கள் மாணவருக்குச் சொல்லலாம். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணியில் 1965இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் பயின்ற அபய் பூஷண், 1971ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எப்.டி.பி. என்னும் முறையை வரைந்து வெளியிட்டார். ஒருவரையொருவர் அறிந்த சில ஆராய்ச்சிக்கூடங்கள் மட்டுமே அன்றைய வலையில் இருந்தன. ஆகவே அம்முறையில் கடவுச்சொல் மறைப்பின்றி வெட்டவெளியாகச் சென்றது. பின்னர் 1995இல், ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து வலையில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதைக் கண்ட டாட்டு யூலோனென், செய்தி முழுவதையும் மறைகுறியாக்கும் எஸ்.எஸ்.எச். முறையை இயற்றினார். அதன் கிளையாகிய எஸ்.எப்.டி.பி. என்பதே இன்று பல அலுவலகங்களில் கோப்பு அனுப்பப் பயன்படுவது. ஆனால் எஸ்.எஸ்.எச். பிறந்ததே தொலைவிலிருந்து கட்டளையிடுவதற்காக. எனவே கட்டுப்பாடின்றித் திறக்கப்படும் கணக்கில் கோப்புரிமையும் கட்டளையுரிமையும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

இவ்விரண்டையும் பிரிப்பதற்குரிய சாதனம் புதியதன்று; விலை கொடுத்து வாங்க வேண்டியதுமன்று. ஓப்பன் எஸ்.எஸ்.எச். மென்பொருளில் 2008 முதலே அது அடங்கியுள்ளது. களக் கணக்குகளை ஒரு குழுவாக்கி, அக்குழுவினர் எவர் நுழைந்தாலும் கோப்புப் பரிமாற்றச் சேவை ஒன்றே இயங்குமாறு கட்டாயப்படுத்தி, குறித்த ஓர் அடைவுக்கு மேல் அவர்கள் கண்ணுக்கு எதுவும் புலப்படாதவாறு அடைத்துவிடலாம். அமைப்புக் கோப்பில் நான்கைந்து வரிகளே வேண்டும்.

எனினும் பாதி செய்து நிறைவடைபவரே மிகுதி. கட்டளை முகப்பை மட்டும் பறித்துவிட்டு, அதனிடத்தில் ‘நுழைவு இல்லை’ என்று சொல்லி வெளியேற்றும் சிறு நிரலை வைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவர். போதாது. முகப்பைக் கேளாமலே இணைப்பை ஏற்படுத்தி, சேவையகத்தின் ஊடாகப் பிற கணினிகளுக்குச் சுரங்கப்பாதை அமைக்க எஸ்.எஸ்.எச். இடந்தருகிறது. அந்தத் துறை முன்னனுப்புதலையும் தனியே தடுத்தாலொழிய வாயிலைப் பூட்டிச் சாளரத்தைத் திறந்துவைத்த கதையாகும்.

இன்னொரு தொல்லை நடைமுறையில் அடிக்கடி எழுவது. அடைக்கப்படும் அடைவு, நிர்வாகியின் உடைமையாக இருக்கவேண்டும்; பிறர் எவரும் அதில் எழுத இயலாததாகவும் இருக்கவேண்டும். இல்லையேல் மென்பொருள் நுழைவையே மறுத்துவிடும். இதை அறியாத நிர்வாகி, பயனருக்கே அவ்வடைவை உரிமையாக்கிவிட்டு, நுழைவு மறுக்கப்பட்டதும் சலித்துப்போய்க் கட்டுப்பாட்டையே நீக்கிவிடுகிறார். உள்ளே ‘வரவு’ என்பதுபோன்ற ஒரு துணை அடைவை உண்டாக்கி, அதனை மட்டும் பயனருக்கு எழுதக் கொடுத்தால் தீர்ந்தது. இத்தனை சிறு காரணத்தால் ஒரு நல்ல ஏற்பாடு கைவிடப்படுவது வருந்தத்தக்கது.

அடைத்தபின்பும் பதிவின் மெய்ம்மை பற்றிய கேள்வி எஞ்சுகிறது. நில அதிர்வுப் பதிவில் ஒரு நாளைய கோப்பு அழிந்தால், அந்த அதிர்வு மீண்டும் நிகழ்ந்து நமக்காகப் பதிவாகாது. ஆகையால் அழித்தல், பெயர் மாற்றுதல் முதலிய கோரிக்கைகளை மறுக்கும் வசதியையும் நாடலாம். ஆனால் களக் கருவிகள் பல, தற்காலிகப் பெயரில் கோப்பை அனுப்பி, அனுப்பி முடிந்ததும் உரிய பெயருக்கு மாற்றும் இயல்புடையன. பெயர் மாற்றத்தைத் தடுத்தால் அவை முடங்கும். அழித்தலைத் தடுத்தாலும், அதே பெயரில் வெற்றுக்கோப்பு ஒன்றை அதன்மேல் எழுதுவதைத் தடுத்ததாகாது. வந்து சேர்ந்த கோப்பைச் சேவையகமே உடனுக்குடன் எடுத்து, களக் கணக்கு எட்டமுடியாத வேறிடத்தில் சேமிப்பதே உறுதியான வழி. அஞ்சற்பெட்டியில் போட்ட கடிதத்தைப் போட்டவரே திரும்ப எடுக்கமுடியாதபடி வைத்திருப்பது போன்றதே இது. எந்த அஞ்சற்காரரும் பொதுமக்களை அவமதிப்பதற்காகப் பெட்டிக்கு அத்தகைய வாய் வைக்கவில்லை.

அவமதிப்பு என்ற சொல் காரணமின்றி வரவில்லை. ‘இருபது ஆண்டு பணிபுரிந்தவர்மீது நம்பிக்கை இல்லையா’ என்ற மனக்குறை, இக்கட்டுப்பாடு வரும் இடமெல்லாம் எழுகிறது. அதனைப் புறக்கணிப்பது தவறு. உண்மையில் இந்த ஏற்பாட்டால் முதலில் காக்கப்படுபவர் களப்பணியாளரே. அவருடைய கணக்கினால் கோப்பு அனுப்புவதைத் தவிர எதுவும் செய்ய இயலாது என்று எழுத்தில் இருக்குமாயின், சேவையகத்தில் வேறு கேடு நேரும்போது அவரை எவரும் ஐயுற இயலாது. மின்வெளி அவசர நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரலில் விதித்த கட்டளைப்படி, இத்தகைய கேடுகளை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்கவேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் வேண்டும். விசாரணை வரும்போது, பரந்த அதிகாரம் பெற்றிருந்த ஒவ்வொருவரும் பதில் சொல்லவேண்டிய நிலை ஏற்படும். அதிகாரத்தைப் பெருமையாகக் கருதுவோர் இதனை எண்ணிப்பார்ப்பதில்லை.

மனக்குறைக்கு நியாயமான ஒரு பகுதியும் உண்டு. தாம் அனுப்பிய கோப்பு முழுமையாகச் சேர்ந்ததா என்று அறியவே பலர் கட்டளை முகப்பைக் கேட்கின்றனர். அந்தத் தேவை மெய்யானது. கோப்பு வந்ததும் அதன் அளவையும், எஸ்.எச்.ஏ.-256 முறையில் கணித்த சரிபார்ப்பு எண்ணையும் ‘ஒப்புதல்’ என்னும் படிக்கமட்டுமான அடைவில் சேவையகம் தானே எழுதி வைக்குமாறு செய்யலாம். களத்திலிருப்பவர் தம்மிடமுள்ள எண்ணோடு அதனை ஒத்துப்பார்த்துக்கொள்வார். இந்த வசதியைச் செய்யாமல் முகப்பை மட்டும் பறிக்கும் நிர்வாகி, தம் பணியில் பாதியைக் களப்பணியாளர் தலையில் ஏற்றுகிறார்.

மாணவரின் பயிற்சி வேலைகளைச் சேவையகத்தில் வாங்கும் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். அங்கு ஒருவர் பிறருடைய விடைத்தாளைக் காணாதிருக்க ஒவ்வொருவருக்கும் தனி அடைவு வேண்டும் என்பதே வேறுபாடு. நிரல் எழுதக் கற்கும் மாணவருக்குக் கட்டளை முகப்பு கட்டாயம் தேவை. ஆனால் அதற்கென வேறொரு கணினி ஒதுக்கப்படவேண்டும். மதிப்பெண் பட்டியல் உள்ள கணினியில் அதனைத் திறந்துவிடலாகாது. அவ்வாறே, உண்மையாகவே கட்டளையிடவேண்டிய பொறியாளருக்கு, கோப்பு அனுப்பும் கணக்கோடு கலவாத இரண்டாவது கணக்கைத் தனிச் சாவியோடு கொடுத்து, அந்தப் பணி முடிந்த நாளிலேயே அதனை மூடிவிடலாம்.