தழும்பு பொய் சொல்லுமா?

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம்... எங்கே திரும்பினாலும் ‘ஸ்டூடன்ட் விசா’ போர்டுதான். விசா ரிஜெக்ட் ஆனால் கட்டிய பணம் போகும். வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள். அப்புறம் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். ஆனால், ‘திருப்பி அனுப்பினால் என் உயிருக்கு ஆபத்து’ என்று அடைக்கலம் கேட்டவருக்கு மறுப்புக் கடிதம் வந்தால்?

பிரிட்டனில் இதற்கென்றே தீர்ப்பாயம் இருக்கிறது. உள்துறை மறுத்தால், 14 நாள்களுக்குள் அங்கே மேல்முறையீடு செய்யலாம். உள்துறைக்குக் கட்டுப்படாத நீதிபதி முழுக் கதையையும் கேட்பார், மொழிபெயர்ப்பாளரும் உண்டு. அங்கும் தோற்றால் மேல் தீர்ப்பாயம். அங்கே கதவு சிறியது: கீழே சட்டப் பிழை நடந்ததா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

தீர்ப்புகளில் ‘கே.வி.’ என்று மட்டுமே குறிப்பிடப்படும் இலங்கைத் தமிழர் ஒருவர், 2011-ல் அங்கே அடைக்கலம் கேட்டார். புலிகளின் தங்கம் எங்கே என்று கேட்டு, காய்ச்சிய இரும்புக் கம்பியால் ராணுவத்தினர் சூடு வைத்ததாகச் சொன்னார். கையிலும் முதுகிலும் நீண்ட தழும்புகள். மருத்துவரின் அறிக்கையும் அவர் சொன்னதோடு பொருந்தியது.

மேல் தீர்ப்பாயம் நம்பவில்லை. முதுகுத் தழும்புகளின் ஓரங்கள் கோடு போட்டதுபோல இருந்தன. நினைவோடு இருந்தால் துடித்திருப்பார், ஓரம் கலைந்திருக்கும் அல்லவா? வலியில் மயங்கிவிட்டேன் என்றார் அவர். தீர்ப்பாயமோ, அடைக்கலம் கிடைப்பதற்காக மயக்க மருந்து எடுத்துக்கொண்டு, வேறொருவரை விட்டுச் சூடு வைத்துக்கொண்டிருக்கலாம் என்ற முடிவுக்குப் போனது. படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோல்வி. மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும் அவர் பக்கம். 2019 மார்ச் 6 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. இப்படி ஆள் வைத்துச் சூடு போட்டுக்கொள்வது மிக மிக அபூர்வம். அதைக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்தது தவறு என்று சொல்லி, வழக்கை மறுபடி விசாரிக்க அனுப்பியது. அவர் வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது!

இந்த வழக்கில் அளவுகோல், ‘அப்படி நடந்திருக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறதா’ என்பதுதான். சித்திரவதைக்கு யாராவது ரசீது தருவார்களா என்ன? ஆனால், 2022 ஜூன் 28-க்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்குச் சில அம்சங்களில் இந்த அளவுகோலைக் கடுமையாக்கிவிட்டார்கள்.

நம் ஊரில் என்ன நிலைமை? இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அடைக்கலம் மறுக்கப்பட்டவருக்கென்று தனித் தீர்ப்பாயமும் இல்லை. 1983-லிருந்து இங்கே வந்தவர்களின் வாழ்க்கை அரசு உத்தரவுகளை நம்பியே ஓடுகிறது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு தந்தார்கள். அதுவும் உத்தரவுதான்.

உங்கள் சொந்தபந்தத்தில் யாராவது பிரிட்டனில் இப்படி மறுப்புக் கடிதத்தோடு இருந்தால், முதலில் அதிலுள்ள தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். 14 நாள் சீக்கிரம் ஓடிவிடும். இங்கிலாந்து, வேல்ஸில் வசதியில்லாதவர்களுக்கு அரசுச் செலவில் வக்கீல் கிடைக்க வழி இருக்கிறது. உடம்பில் காயம் இருந்தால், மருத்துவரின் அறிக்கையை முதல் விசாரணைக்கே கொண்டுபோக வேண்டும்.