காசு கைமாறவில்லை என்றால் பிழையில்லையா?

"உங்களுக்குச் சிற்றி ஹோலில் ஆரையும் தெரியுமோ?" ஸ்காபரோவில் கடை திறக்கவோ வீட்டோடு ஒரு அறையைக் கூட்டிக் கட்டவோ புறப்படுகிறவர் காதில் முதலில் விழும் கேள்வி இது. கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் விட்டுவந்த ஊரில், கச்சேரியில் தெரிந்த முகம் ஒன்று இல்லாவிட்டால் ஒரு கடதாசியும் நகராது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை. "காசு கைமாறேல்லை எண்டால் அதில என்ன பிழை? தெரிஞ்ச ஆளோட கதைக்கிறது குற்றமோ?"

கதைப்பது குற்றமில்லைத்தான். யார், யாருக்காக, என்ன கேட்டுக் கதைத்தார் என்பது ஊருக்குத் தெரியாமல் போகும்போது அநியாயம் தொடங்கிவிடுகிறது.

1999இல் ரொறன்ரோ நகரசபை எம்எஃப்பி என்ற நிறுவனத்திடம் கணினிகளைக் குத்தகைக்கு எடுத்தது. சபை ஒப்புக்கொண்ட தொகை 4.3 கோடி டொலர், காலம் 3 ஆண்டு. கடைசியில் தொகை 8 கோடியைத் தாண்டியது; 3 ஆண்டு 5 ஆண்டாயிற்று. இதை விசாரித்த நீதிபதி டெனிஸ் பெலமி 214 நாட்கள் அமர்ந்து 156 சாட்சிகளைக் கேட்டு 2005இல் அறிக்கை தந்தார். காசு கைமாறியதா என்பதையும் அவர் ஆராயாமல் விடவில்லை. ஆனால் என்னை உலுக்கியவை வேறு: நிறுவனத்தின் பக்கமிருந்து நகரசபை ஆட்களுக்குக் கிடைத்த ஹொக்கி ரிக்கற், கோல்ஃப், இரவுச் சாப்பாடு, பிலடெல்பியாவில் ஆட்டம் பார்க்கத் தனி விமானம். தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் ஓர் உபசாரம், சிநேகிதம். சாப்பாடு எங்கே முடிந்தது, ஒப்பந்தம் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை நாட்கள் ஓடின. அந்தச் செலவும் வரி கட்டுகிறவன் தலையில்தான்.

"நல்ல ஆளாப் பார்த்துத் தெரிவுசெய்தால் போதும், யார் யாருக்காகப் பரிந்து பேசினார் என்று ஒரு பதிவேடு எதற்கு?" என்பார்கள். அவர்களுக்குச் சிக்காகோவைக் காட்டுகிறேன். ஒபாமாவின் 2008 தேர்தல் பிரசாரத்தை நடத்திய டேவிட் புளூஃப், பிறகு ஊபரில் வேலைக்குச் சேர்ந்தார். விமான நிலையங்களில் ஊபர் கார்கள் ஆளேற்றுவது பற்றிய விதிகளில் உதவி கேட்டு, 2015இல் மேயர் ராம் இமானுவலின் சொந்த மின்னஞ்சலுக்கு எழுதினார். ஒரு சதமும் கைமாறவில்லை. ஒரு நண்பர் இன்னொரு நண்பருக்கு எழுதிய கடிதம், அவ்வளவுதான். ஆனால் அதே விமான நிலையங்களின் டாக்ஸி வரிசையில் மணிக்கணக்காகக் காத்து நிற்கும் ஓட்டுநரிடம் மேயரின் சொந்த மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா? தன் பிழைப்பைப் பற்றி மறுபக்கம் என்ன சொன்னது என்றே தெரியாதவன் எதை மறுத்துப் பேசுவான்? மேயரின் அஞ்சல்களை வெளியிடக் கோரி வழக்குப் போட்ட பிறகே இது வெளியே வந்தது. பதிவு செய்யாமல் பரிந்து பேசியதற்காக 2017இல் அந்நகரின் அறநெறி வாரியம் புளூஃபுக்கு 90,000 டொலர் தண்டம் விதித்தது.

பெலமி அறிக்கைக்குப் பிறகு, 2008இல் ரொறன்ரோவில் பதிவேடு நடைமுறைக்கு வந்தது. கூலிக்குப் பரிந்து பேசுகிறவர் முதலில் பெயர் பதிய வேண்டும். எந்த நிறுவனத்துக்காக, எந்த விஷயமாக, எந்த நகரசபை உறுப்பினரை அல்லது அதிகாரியை, எந்தத் திகதியில், தொலைபேசியிலா நேரிலா அணுகினார் என்பதெல்லாம் அதில் ஏறும். வீட்டில் தேத்தண்ணியோடு இருந்தபடியே யாரும் தேடிப் பார்க்கலாம். பரிசு கொடுக்கக் கூடாது. "காரியம் முடிந்தால் இவ்வளவு" என்று கூலி பேசக் கூடாது. நகரசபையில் உயர்பதவி வகித்தவர் விலகி 12 மாதத்துக்கு இந்த வேலைக்கு வரக் கூடாது.

பதிவேடு வைத்தால் சாதாரண சனம் பயந்து வாய் திறக்காது என்று சொல்வது சுத்தப் பொய். உங்கள் தெருவுக்கு வேகத்தடை கேட்டு உங்கள் உறுப்பினரை அழைத்தால் நீங்கள் எதையும் பதிய வேண்டியதில்லை. பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசினாலும் அப்படித்தான். பதிவேட்டால் சங்கடப்படுகிறவர் கூலி வாங்கிப் பேசுகிறவர்; அவருக்குக் காவலாக எங்கள் பெயரை ஏன் இழுக்க வேண்டும்?

ரொறன்ரோவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பதியும் கடமை பரிந்து பேசுகிறவருடையது; அவர் பதியாமல் மறைத்தால், யாரோ கண்டு முறையிடும்வரை அது இருட்டில்தான் கிடக்கும். இருந்தாலும், தேடிப் பார்க்க ஓர் இடமாவது இருக்கிறது. ஒன்ராறியோவில் இந்தப் பதிவேட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது ரொறன்ரோவுக்கு மட்டும்தான். மற்ற நகரங்கள் விரும்பினால் வைக்கலாம், விரும்பாவிட்டால் விடலாம். எங்கள் சனம் வீடு வாங்கிக் குடியேறிய ஊர்கள் பல அந்த மற்ற நகரங்கள்தான்.

2026 ஒக்ரோபர் 26 நகரசபைத் தேர்தல் நாள். வாசலில் வந்து கைகூப்பும் வேட்பாளரிடம் "எங்கட ஆளோ" என்று கேட்பதை ஒருமுறை விட்டுவிட்டு, இதைக் கேளுங்கள்: "நீங்கள் வென்று வந்தால், உங்களைச் சந்திக்க வரும் கட்டட நிறுவனங்களின் பெயர்களை நான் எங்கே பார்க்கலாம்?"