ஓடுகிற கணினிக்கு ஓய்வா?

தமிழக அரசு 2011-இல் இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் பல வீடுகளுக்கு அதுவே முதற் கணினி. என் சித்தி பெற்றது இன்றும் நன்றாக ஓடுகிறது. ஆனால் 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அந்நாளில் அரசு தந்த கிரைண்டரை யாரும் இப்படி ஒதுக்கச் சொல்லவில்லையே! புதிய செயலியில் வேகமும் பாதுகாப்பும் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் புதுக் கணினி வாங்க எல்லார் வீட்டிலும் பணம் இருக்கிறதா? பழைய செயலியிலும் லினக்ஸ் ஓடும்; அது இலவசமும்கூட. காயலான் கடைக்குப் போடுமுன் அதை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பேன். அதைக் கற்றுத்தரும் பொறுப்பைப் பள்ளிகளே ஏற்கலாம்.