பூமியின் வயதும் கல்லின் சாட்சியும்

பூமி உண்டாகிப் பத்தாயிரம் வருஷங்களுக்கு மேல் ஆகியிருக்க முடியாது என்று சொல்லுகின்றவர்கள் முன்னெல்லாம் வேதப்புத்தகத்தை மட்டுமே ஆதாரமாகக் காட்டி வந்தார்கள். பின்னர் அது போதாதென்று கண்டு, விஞ்ஞானத்தின் சட்டையையும் மாட்டிக்கொண்டு வந்தார்கள். அமெரிக்காவில் தாமஸ் பார்ன்ஸ் என்னும் பௌதிகப் பேராசிரியர் 1973-ல் வெளியிட்ட வாதம் இவ்வகையில் பேர்போனது. அதை ஒப்பிக்கின்றவர்கள் இன்றும் இருக்கின்றார்கள்.

அந்த வாதமாவது: ஜெர்மனியில் காஸ் என்னும் கணித நிபுணர் 1830-களில் பூமியின் காந்த பலத்தை அளந்து சொன்னார். அதுமுதல் அப்பலம் குறைந்துகொண்டே வருகின்றது. இதுவரை மெய்தான், இன்றைக்கு நூற்றுக்கு ஒன்பது பங்கு போல் குறைந்திருக்கின்றது. ஆனால் பார்ன்ஸ் இதை வைத்துக்கொண்டு, 1,400 வருஷத்துக்கு ஒருமுறை பலம் பாதியாகின்றது என்று கணக்குக் கட்டிப் பின்னோக்கிப் பெருக்கிக்கொண்டே போனார். பத்தாயிரம் வருஷத்துக்கு அப்பால் அது பூமி தாங்க முடியாத பலமாகி விடுகின்றதாம். ஆகவே அதற்கு முன் பூமியே இல்லையாம்!

சித்திரை மாதத்தில் ஏரித் தண்ணீர் தினம் இரண்டு அங்குலம் குறைவதைப் பார்த்த ஒருவர், சென்ற சித்திரையில் தண்ணீர் பனைமர உயரத்துக்கு நின்றிருக்க வேண்டும் என்று சொன்னால் நாம் என்ன சொல்லுவோம்? நடுவில் மழை பெய்ததா என்று கேட்கமாட்டோமா? அதைத்தான் இங்கேயும் கேட்கின்றோம்.

காஸுக்கு முன் அளந்து எழுதிவைக்க மனிதன் இல்லையே என்றால், கல் இருக்கின்றது. எரிமலைக் குழம்பு ஆறும்போது அதிலுள்ள காந்த இரும்புத் துகள்கள் 580 டிகிரி உஷ்ணத்துக்குக் கீழே வந்ததும், அவ்விடத்தில் அப்போதுள்ள காந்த பலத்துக்குத் தக்கபடி காந்தமேறி நிற்கின்றன. சூளையில் வெந்த செங்கல்லும் பானையும் அப்படியே. இதைப் படிக்கும் முறையைப் பிரான்சில் எமில் தெல்லியே, ஓதெத் தெல்லியே என்னும் தம்பதிகள் 1959-ல் விரிவாக வெளியிட்டார்கள். இப்போது வழங்கும் ஒரு வகை இது: கல்லைக் காந்தமில்லாத இடத்தில் 200 டிகிரிக்குச் சுடவைத்து ஆறவிட்டால் பழைய காந்தத்தில் ஒரு பங்கு போய்விடும். மறுபடி அதே சூட்டுக்குக் கொண்டுபோய், அளவு தெரிந்த காந்த பலத்தில் ஆறவிட்டால் புதிதாக ஒரு பங்கு ஏறும். போனது பத்து, வந்தது ஐந்து என்றால் பழைய பலம் நாம் வைத்த பலத்தைப்போல் இரண்டு மடங்கு. பிறகு 250, 300 என்று படிப்படியாக ஏற்றுவார்கள். ஒவ்வொரு படியிலும் அதே விகிதம் வரவேண்டும்.

சூட்டினால் கல்லே மாறிவிட்டால்? நியாயமான கேள்வி. அதற்காகவே நடுநடுவே குறைந்த சூட்டுக்குத் திரும்பி, முன் ஏறிய அளவே மறுபடி ஏறுகின்றதா என்று பார்க்கின்றார்கள். ஏறாவிட்டால் அந்தக் கல்லின் சாட்சி தள்ளுபடி. இப்படித் தள்ளப்பட்ட கற்கள் ஏராளம். தன் சாட்சியைத் தானே குறுக்கு விசாரணை செய்யும் இந்தக் குணந்தான் விஞ்ஞானத்துக்கும் சட்டை மாட்டிய புராணத்துக்கும் உள்ள வித்தியாசம்.

சரி, சாட்சி என்ன சொல்லுகின்றது? பார்ன்ஸ் கணக்குப்படி 7,000 வருஷத்துக்கு முன் பலம் இன்றைக்கு 32 மடங்கு இருக்கவேண்டும். பழைய பானைகளும் எரிமலைக் கற்களும் அக்காலத்தில் இன்றைவிடச் சற்றுக் குறைவு என்கின்றன. பின்பு ஏறி, சுமார் 2,000 வருஷத்துக்கு முன் இன்றைவிட அதிகமாயிருந்து, பிறகு இறங்கியிருக்கின்றது. மெசபடோமியாவின் 12 அரசர்களுடைய பெயர் பொறித்த 32 செங்கற்களைச் சோதித்த ஆராய்ச்சி 2023-ல் வெளியாயிற்று. நெபுகாத்நேசார் காலத்துச் செங்கற்களில், சில பத்து வருஷங்களுக்குள்ளேயே பலம் சட்டென்று மாறியது தெரிகின்றது. அரசன் எழுதச் சொன்னது தன் பெருமையை. செங்கல் தானாக எழுதிக்கொண்டதோ அவனுக்கே தெரியாத உண்மையை! இன்னும் பின்னே போனால், தென்னாப்பிரிக்காவில் சுமார் 345 கோடி வருஷத்துப் பாறைகள், அன்று பலம் இன்றைப்போல் பாதிக்கு மேல், முக்காலுக்குள் என்று சாட்சி சொல்லுகின்றன.

நிற்க. பலம் குறைகின்றது, துருவங்கள் புரளப்போகின்றன, உலகம் அழியப்போகின்றது என்று பயமுறுத்துகின்ற ஜோசியக் கூட்டம் மற்றொன்று உண்டு. அவர்களுக்கும் இதே கல்தான் பதில். சுமார் 41,000 வருஷத்துக்கு முன் பலம் இன்றைக்குப் பத்தில் ஒரு பங்கு போல் இறங்கி மறுபடி ஏறியதைப் பிரான்சிலுள்ள லாஷாம்ப் எரிமலைக் கற்கள் காட்டுகின்றன. அன்றும் மனிதர் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள்தான் நாம்.

ஆகவே, பூமியின் வயதைச் சுருக்குகின்றவரும், அதன் சாவுக்கு நாள் குறிக்கின்றவரும் செய்கின்ற தப்பு ஒன்றேதான். இரு நூறு வருஷத்துக்குட்பட்ட கணக்கைக் கோடி வருஷத்துக்கு இழுத்துக் கட்டுகின்றார்கள். விஞ்ஞானி சொன்னார் என்பதற்காக எதையும் நம்பவேண்டாம். எப்படி அளந்தார், அந்த அளவு தப்பென்றால் அதைக் காட்டிக்கொடுக்க வழி வைத்திருக்கின்றாரா என்று கேளுங்கள். வழி வைக்காதவர் பேராசிரியரானாலும் சரி, புரோகிதரானாலும் சரி, நமக்கு இருவரும் ஒன்றே.