தண்ணியும் சர்டிபிகேட்டும்

ஞானஸ்நானம் வாங்கினால்தான் மோட்சமா? வாங்காமல் செத்தவன் நரகத்துக்குத்தான் போவானா?

படித்த தோழர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எக்கியார்குப்பம் தொடங்கி மரக்காணம் உப்பளம் வரைக்கும் உள்ள சேரிகளில் இது சிரிக்கிற விஷயம் கிடையாது. ஒருபக்கம், தண்ணியில் இறங்காதவனுக்குப் பரலோகம் இல்லை என்கிறார் பாஸ்டர். இன்னொரு பக்கம், இறங்கிவிட்டாயா, அப்ப நீ எஸ்.சி. இல்லை என்கிறது தாலுகா ஆபீஸ்.

நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக்குக் குழுக் கடன் கட்ட ஒரு அக்கா வருவார். உப்பு வாருகிற வேலை. காலில் வெடிப்பு, கண்ணில் எரிச்சல். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், ஞாயிறு ஆராதனை, எதையும் விடமாட்டார். ஆனால் முழுக்கு எடுக்கவில்லை. ஒருநாள் கவுன்டரில் நின்றுகொண்டே கேட்டார்: “பையன் பன்னெண்டாவது படிக்கிறான் தம்பி. நான் முழுகிட்டா அவன் சர்டிபிகேட்டு போயிடும்னு சொல்றாங்க. முழுகாம செத்தா நானே போயிடுவேன்னு பாஸ்டரு சொல்றாரு. ரெண்டுல எது போகணும்?”

இந்தக் கேள்விக்குக் கிறித்தவ சபை தன் ரெண்டாயிரம் வருஷத்தில் என்ன பதில் வைத்திருக்கிறது?

தண்ணீராலும் ஆவியாலும் பிறக்கவேண்டும் என்று இயேசு நிக்கொதேமுவிடம் சொன்னதைப் பாஸ்டர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அதே இயேசு, பக்கத்துச் சிலுவையில் தொங்கிய திருடனிடம் தண்ணி கேட்கவில்லை. அன்றைக்கே பரதீசு என்று வாக்குக் கொடுத்தார். அப்போஸ்தலர் நடபடிகளில் கொர்நேலியு வீட்டார்மேல் ஆவி முதலில் இறங்குகிறது, தண்ணி பிறகுதான் வருகிறது. ஞானஸ்நானத்துக்கு முன்பே விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்களுக்கு அவர்கள் ரத்தமே ஞானஸ்நானம் என்று ஆதித் திருச்சபை ஏற்றுக்கொண்டது. 392இல் ரோமப் பேரரசன் இரண்டாம் வாலென்டினியன் ஞானஸ்நானம் வாங்காமலே செத்தபோது, மிலான் ஆயர் அம்புரோஸ் அவன் சாவுச் சடங்கில் பேசினார். அவன் அதை விரும்பியிருந்தான், அந்த விருப்பம் போதும் என்றார். 1547இல் திரிதெந்தின் சங்கம் இதையே கோட்பாடாக எழுதியது: ஞானஸ்நானம், அல்லது அதன்மேல் உள்ள ஆசை. 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இன்னும் ஒருபடி போகிறது. மீட்பைக் கடவுள் ஞானஸ்நானத்தோடு கட்டிவைத்தார், ஆனால் தம்மை அந்தச் சடங்குக்குள் கட்டிக்கொள்ளவில்லை என்கிறது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பச்சைக் குழந்தைகளுக்கும் மீட்பு உண்டு என நம்ப இடமிருக்கிறது என்று வத்திக்கானின் இறையியல் குழு 2007இல் அறிக்கை வெளியிட்டது.

இரட்சணிய சேனையோ ஞானஸ்நானம் கொடுப்பதே இல்லை. நாகர்கோவில் பக்கம் போய் அவர்களைக் கிறித்தவர்கள் இல்லையென்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

ஆகவே அக்காவுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: நீங்க எங்கயும் போகமாட்டீங்க. பேரரசனுக்கு ஆசை போதுமென்றால் உப்பளத்துக்காரிக்கும் அது போதும். ஆனால் நடைமுறை அப்படி இல்லை. என் ஆயா செத்தபோது ஞானஸ்நானப் பதிவில் பேர் இல்லை என்று ஒரு சபை கல்லறையில் குழி வெட்ட விடவில்லை. எந்தச் சபை என்பது இங்கே வேண்டாம். ஏரிக்கரையில் புதைத்தோம். அரசன் செத்தால் மனசைப் பார்க்கிறார்கள், பறச்சி செத்தால் ரிஜிஸ்டரைப் புரட்டுகிறார்கள்.

சடங்கில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது என்பவர்கள் நம் பக்கத்து ஊர்ப் பாண்டிச்சேரியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய கத்தோலிக்க ஞானஸ்நானத்தில் குரு குழந்தையின் முகத்தில் ஊதுவார், நாக்கில் உப்பு வைப்பார், எச்சில் தொட்டுக் காதிலும் மூக்கிலும் தடவுவார். (1969இல் சடங்கைத் திருத்தும்வரை உப்பு இருந்தது. அந்த உப்பை வாரியது எந்தச் சாதி என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.) எச்சில் என்றால் உயர்சாதியார் முகம் சுளிப்பார்கள் என்று மதுரை மிஷன் சேசு சபையார் அதை விட்டுவிட்டார்கள். போப்பின் தூதராக வந்த தூர்னோன் 1704இல் பாண்டிச்சேரியில் ஆணை போட்டார்: எச்சிலையும் ஊதுவதையும் விடக்கூடாது. அந்த ஆணையில் இன்னொன்றும் இருந்தது. சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருக்கள் போய்க் கடைசி அருட்சாதனங்களைக் கொடுக்கவேண்டும். கொடுக்கச் சொல்லி ஆணை போடவேண்டியிருந்தது என்றால் அதுவரை என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளலாம். நாற்பது வருஷம் இழுபறிக்குப் பிறகு 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் முடிவு சொன்னார். பறையருக்கென்று தனிக் குருக்களை வைப்பது என்று ஏற்பாடானது. தனிக் குவளை மாதிரி தனிச் சாமியார்.

மோட்சத்துக்கு அவசியம் என்று சொல்லப்பட்ட சடங்கைச் சாதிக்காக வளைக்க முடிந்தது. சாதியைத்தான் சடங்குக்காக வளைக்க முடியவில்லை.

அதற்காக நம் பாட்டன் பாட்டிகள் ஏமாளிகள் என்று நான் எழுதமாட்டேன். அவர்கள் தண்ணியில் இறங்கியபோது புதுப்பேர் கிடைத்தது, பள்ளிக்கூடம் கிடைத்தது, நிமிர்ந்து நிற்க ஒரு வாசல் கிடைத்தது. கிறிஸ்துவுக்குள் முழுக்குப் பெற்றவர்களிடையே அடிமை, சுயாதீனன் என்ற பேதமில்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதை அவர்கள் எழுத்துக்கு எழுத்து நம்பினார்கள். நம்பாமல் தண்ணியில் இறங்கியவன் சாதிக் கிறித்தவன்தான். 2008 மார்ச்சில் எறையூரில் என்ன நடந்தது? எல்லோரும் ஒரே மறைமாவட்டம், பாண்டிச்சேரி - கடலூர். எல்லோரும் திருமுழுக்கு வாங்கியவர்கள். தலித்துகள் தனிப் பங்கு கேட்டார்கள் என்று வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அங்கே ஞானஸ்நானம் இல்லாமலிருந்தது யாருக்கு?

இதெல்லாம் நீதிமன்றத்தின் கண்ணில் படுவதில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் எஸ்.சி. ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்னும் வெளியே. சென்னையில் செருப்புத் தைத்த ஒரு கிறித்தவத் தொழிலாளி அரசு கொடுக்கும் பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று வழக்குப் போட்டார். சூசை வழக்கு. கிறித்தவத்துக்குள்ளும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று ஆதாரம் காட்டவில்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆதாரம் வேண்டுமானால் கல்லறைச் சுவர்களை அளந்து கொடுக்கலாம்.

2024 நவம்பர் 26இல் இன்னொரு தீர்ப்பு. புதுச்சேரிப் பெண். மேல்நிலை எழுத்தர் வேலைக்கு எஸ்.சி. சான்றிதழ் கேட்டார், அப்பா இந்து வள்ளுவர் என்றார். கைக்குழந்தையாக இருந்தபோது நடந்த ஞானஸ்நானத்தை எதிர்க்கட்சி ஆதாரமாக வைத்தது. கோயிலுக்குப் போகிறவர், இந்துவாகத் திரும்பியதற்குச் சான்றில்லை என்றது நீதிமன்றம். நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சட்டத்தின்மேல் செய்யும் மோசடி என்றும் சொன்னது. ஞானஸ்நானம் ஆன்மாவில் அழியாத முத்திரை பதிக்கும் என்பது சபையின் போதனை. நம் தேசத்தில் அந்தப் போதனையைச் சபையைவிடக் கறாராகக் கடைப்பிடிப்பது வருவாய்த் துறைதான். முத்திரை விழுந்தால் சான்றிதழ் போச்சு. சேரி மட்டும் போகாது.

அப்ப ரகசியமா இருந்துடலாமே என்கிறார்கள் சிலர். அப்படி இருப்பவர்கள் நிறையப் பேர். ஞானஸ்நானம் வாங்காமல் இயேசுவை நம்புகிறவர்களைப் பற்றி ஹெர்பர்ட் ஹோஃபர் ஆராய்ந்து எழுதிய நூல் 1991இல் சென்னை குருகுல் இறையியல் கல்லூரி வழியாக வந்தது. அவர்களை ‘வேஷக்காரர்’ என்று இந்துத்துவக்காரனும் திட்டுகிறான், ‘வெதுவெதுப்பானவர்’ என்று பாஸ்டரும் திட்டுகிறார். நான் திட்டமாட்டேன். ஆனால் ஒளிந்து கும்பிடுவதும் எனக்கு உவப்பாக இல்லை. நம்மை எதையாவது ஒளித்துக்கொண்டே வாழவைப்பதுதான் சாதியின் பழைய வேலை.

மதத்தைப் பார்க்காமல் எஸ்.சி. தகுதி கொடுக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு தில்லிக்கு அனுப்பியது. அந்தப் பக்கம் போராட்டம் நடக்கட்டும். ஆயர்களும் பாஸ்டர்களும் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முழுக்கு எடுக்காத எங்கள் அம்மாக்களை நரகம் காட்டி மிரட்டுவதை அவர்கள் இன்றைக்கே நிறுத்தலாம். செத்தால் கல்லறையில் ஆறடி கொடுக்கலாம். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை.

வாசகத் தோழர்கள் எழுதுங்கள். உங்கள் ஊர்க் கல்லறையில் சுவர் இருக்கிறதா, யார் கட்டியது, எந்த வருஷம்? ஞானஸ்நானம் வாங்காமல் செத்த உங்கள் வீட்டாரை எங்கே புதைத்தீர்கள்? ஊர்ப்பேரோடு எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.