காய்ச்சலுக்குக் காரணம் வைரஸா, பாக்டீரியாவா? ரத்தத்தில் உள்ள மரபணுக்கள் சொல்லும் பதில்!

குழந்தைக்கு 102 டிகிரி காய்ச்சல். டாக்டர் தொண்டையைப் பார்க்கிறார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கிறார். காரணம் வைரஸ் என்றால் ஆன்டிபயாட்டிக்கால் பலன் இல்லை. பாக்டீரியா என்றால், மருந்து தாமதமாவது சில நேரம் உயிருக்கே ஆபத்து. ஆனால், இரண்டிலும் வெளியே தெரிவது அதே காய்ச்சல், அதே சோர்வுதான். 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆன்டிபயாட்டிக் எழுதப்படுவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான்.

ரத்தத்தை எடுத்து 'கல்ச்சர்' பரிசோதனை செய்யலாமே என்று தோன்றலாம். கிருமி வளர்ந்து முடிவு தெரிய ஓரிரு நாள்கள் ஆகும். பாக்டீரியா தொற்று இருந்தும், சில நேரம் ரத்தத்தில் கிருமி சிக்காமலே போய்விடும்.

கிருமியைத் தேட வேண்டாம், உடலைக் கேட்போம்!

இங்கேதான் விஞ்ஞானிகள் வேறு வழியில் யோசித்தார்கள். கிருமி உள்ளே நுழைந்ததுமே நம் வெள்ளை அணுக்கள் சண்டைக்குத் தயாராகின்றன. அப்போது சில மரபணுக்கள் வேகமாக இயங்கும், சில அடங்கிவிடும். வைரஸ் வந்தால் ஒரு விதம், பாக்டீரியா வந்தால் இன்னொரு விதம். இயங்கும் மரபணு, ஆர்.என்.ஏ என்ற நகல்களை உருவாக்கும். ரத்தத்தில் அந்த நகல்களின் அளவைப் பார்த்தால், உடல் யாரோடு சண்டை போடுகிறது என்று தெரிந்துவிடும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளிடம் இதைச் சோதித்து, 2016-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியிட்டது. அவர்கள் நம்பியது இரண்டே மரபணுக்களை. ஐ.எஃப்.ஐ.44எல் வைரஸ் தொற்றில் அதிகமாக இயங்கும், எஃப்.ஏ.எம்.89ஏ பாக்டீரியா தொற்றில் அதிகமாக இயங்கும்.

பாக்டீரியா தொற்று என்று ஏற்கெனவே உறுதியான 23 குழந்தைகளில் ஒருவரைக்கூட இந்தப் பரிசோதனை தவறவிடவில்லை. வைரஸ் என்று உறுதியான 28 பேரில் 27 பேரைச் சரியாகச் சொன்னது.

அதைவிட யோசிக்கவைப்பது இன்னொரு கணக்கு. காய்ச்சலுக்கான காரணம் உறுதியாகத் தெரியாத 136 குழந்தைகளில் 129 பேருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டிருந்தது. மரபணுப் பரிசோதனையோ 63 பேரைத்தான் பாக்டீரியா பக்கம் காட்டியது. மீதிப் பேரில் பலருக்கு அந்த மருந்து தேவைப்படாமலே இருந்திருக்கலாம். தேவையில்லாமல் சாப்பிடும் ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக வழி செய்கிறது.

நமக்கு எப்போது?

ஆரம்பகால ஆய்வுகள் பெரும்பாலும் மேலை நாட்டு நோயாளிகளை வைத்தே நடந்தன. டைபாய்டு, ஸ்க்ரப் டைபஸ் போன்ற நம் ஊர்க் காய்ச்சல்களை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்பவை. அதனால் உடலின் எதிர்வினை வைரஸ் தொற்றைப் போலவே தெரிந்து, பரிசோதனை ஏமாந்துவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பூர்வேஷ் காத்ரி குழு, இந்தக் குறையைச் சரிசெய்ய எட்டு மரபணுக்கள் கொண்ட முறையை 2022-ல் வெளியிட்டது. நேபாளம், லாவோஸ் நோயாளிகளிடமும் அது சோதிக்கப்பட்டது.

2025 ஜனவரியில், 29 ஆர்.என்.ஏ-க்களை அளந்து சுமார் அரை மணி நேரத்தில் முடிவு சொல்லும் 'ட்ரைவெரிட்டி' பரிசோதனைக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அனுமதி கொடுத்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் பெரியவர்களுக்கானது அது. குழந்தைகளுக்கு அல்ல.

இந்தப் பரிசோதனைகள் எந்த பாக்டீரியா, அதற்கு எந்த மருந்து என்று சொல்லாது. அதற்குக் கல்ச்சர் வேண்டும். டாக்டரின் கண்ணும் அனுபவமும் எப்போதும் வேண்டும்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது உண்டு. போன முறை மிச்சமான ஆன்டிபயாட்டிக் சிரப்பை, டாக்டரைக் கேட்காமல் இந்த முறை கொடுக்காதீர்கள். டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதினால், "இது பாக்டீரியா தொற்றுதானா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். 'இப்போதைக்குத் தேவையில்லை' என்று அவர் சொன்னால், எந்த அறிகுறி தெரிந்தால் திரும்ப வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.